கதவைத் தட்டும் கடமை

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. பிள்ளையைக் கண்டிக்கும் தாயை எண்ணி எழுந்த சொல்லாக அஃது இருக்கலாம். ஆயினும், நம் தோட்டப்புறங்களில் அச்சொல் பெரும்பாலும் யாரிடம் சொல்லப்பட்டது? கணவனிடம் அடிபட்டுக் கண்ணீரோடு வந்து நிற்கும் பெண்ணிடமே சொல்லப்பட்டது. ஆறுதல் கூறுவதாக எண்ணியே பெரியவர்கள் அதனைக் கூறினர். அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே வீட்டிற்குத் திரும்பினாள். அந்தக் கை எத்தனை முறை அடித்தது, எத்தனை முறை அணைத்தது என்று கணக்கெடுத்தவர் எவருமிலர்.

இப்பழமொழிக்குத் துணையாக நிற்கும் சொற்றொடர் இன்னொன்றும் உண்டு. "அது குடும்ப விவகாரம், நாம் தலையிடக் கூடாது" என்பதே அது. அண்டை வீட்டார் அதனைச் சொல்வர். கோயில் நிருவாகத்தார் சொல்வர். சில வேளைகளில், காவல் நிலையத்து மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரும் சொல்வார். கேட்பவர்க்கு இது நடுநிலைமை போலத் தோன்றும். வலியவன் ஒருவனும் எளியவள் ஒருத்தியும் ஒரே அறைக்குள் இருக்கையில், "நாங்கள் இருவர் பக்கமும் சேரோம்" என்று கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போவது நடுநிலைமை ஆகுமா? சாத்திய கதவு யாருக்குப் பயன்படும் என்பது சாத்தியவனுக்குத் தெரியாதா?

ஆகவே, சட்டத்தின் பாற்பட்டதாகத் தோன்றும் ஒரு செய்தி உண்மையில் அறத்தின் பாற்பட்ட வினாவாகி நம் முன் நிற்கிறது. இல்லத்தின் வாசற்படி, அரசின் காவல் தாண்டக் கூடாத எல்லையா? குடும்பம் குலையாதிருத்தல் பெரிதா, அக்குடும்பத்துள் வாழும் ஓருயிர் நலியாதிருத்தல் பெரிதா? இவ்வினாக்களைக் கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் ரோத்தானையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நினைவிற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாண்டியன் தட்டிய கதவு

வீட்டுக் கதவையும் அரசின் கையையும் ஒருசேர எண்ணும்போது தமிழாசிரியர் எவர்க்கும் பொற்கைப் பாண்டியன் கதை நினைவுக்கு வராமற் போகாது. சிலப்பதிகாரத்துக் கட்டுரைக் காதையிலும் இக்கதை சுட்டப்படுகிறது. கீரந்தை என்னும் அந்தணன் வெளியூர் செல்லும்போது, அரசனது காவலைக் காட்டிலும் சிறந்த வேலி நமக்கு இல்லை என்று மனைவிக்குத் துணிவு கூறிச் செல்கிறான். நகர்சோதனைக்கு வரும் பாண்டியன் அவ்வீட்டைத் தன் பொறுப்பாக எண்ணிக் கண்காணித்து வருகிறான். ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்கிறது. ஐயுற்ற மன்னன் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தவனோ ஊரிலிருந்து திரும்பி வந்த கணவனே. அப்பெண்ணின்மீது பழி விழாதிருக்கத் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுச் சென்ற மன்னன், மறுநாள் அவையில், குற்றம் செய்த கை இதுவே என்று தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். வழிவழியாக நாம் கேட்டு வந்த வடிவம் இது.

"பார்த்தீர்களா? பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவது அரசனுக்கே அடாத செயல்" என்று இக்கதைக்குப் பொருள் உரைப்பாருண்டு. ஊன்றி நோக்கினால் வேறொரு பொருள் விளங்கும். அவ்வீட்டின் வேலி கணவன் மட்டுமன்று, அரசும் ஆகும் என்பதே கதையின் அடிப்படை. மன்னன் இரவில் நடந்தான். செவி சாய்த்துக் கேட்டான். ஐயம் எழுந்தபோது வாளா போகாமல் தட்டினான். இவற்றுள் எதனையும் கதை பழிக்கவில்லை. குற்றமற்ற பெண்ணொருத்திக்குத் தன் கையால் இழுக்கு நேர்ந்துவிடுமோ என்பதே அவனை வருத்தியது. எனவே, தட்டலாமா கூடாதா என்பதைக் காட்டிலும், உள்ளே இருப்பவள் நாணித் தலைகுனிய நேராமல் எவ்வாறு தட்டுவது என்பதே இக்கதை காவலர்க்கு விட்டுச் செல்லும் வினா.

இன்னொரு வினாவையும் நாம் எழுப்பலாம். வீணாகத் தட்டிய கைக்கே அத்துணைப் பெரிய தண்டனை என்றால், உள்ளே அலறல் கேட்டும் தட்டாமற் போன கைக்கு என்ன தண்டனை?

லயத்தின் பலகைச் சுவர்

இல்லத்தின் தனிமை என்பதைப் பற்றிப் பேசுவோர் நம் லயங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், ஒரு கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே நின்றது பலகைச் சுவரே. குழந்தை இருமினால் பக்கத்து வீட்டிற்குக் கேட்கும். பாத்திரம் விழுந்தால் மூன்றாம் வீட்டிற்குக் கேட்கும். அவ்வாறிருக்க, அடிபட்ட பெண்ணின் அழுகுரல் மட்டும் எவர் காதிலும் விழாதிருந்ததா? எல்லாரும் கேட்டனர்; கேட்டவர் அனைவரும் அறியாதவர் போல இருந்தனர். அங்கே தனிமை என ஒன்று இருந்ததில்லை. தனிமை இருப்பதாக ஊரார் கூடி நடித்த நடிப்பே இருந்தது.

அந்நாளில் தோட்டத்தின் அமைதியைக் காத்தவர் யாவர்? துரையும் கிராணியும் கங்காணியுமே. காவல் நிலையம் தொலைவில் இருந்தது. சண்டை முற்றினால் கங்காணி வருவார். அவரால் இயலாவிடில் கிராணியின் அலுவலகத் திண்ணையில் விசாரணை நடக்கும். அவ்விசாரணையின் நோக்கம் நீதி என்று சொல்வதற்கில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். "ராசியாகப் போங்கள்" என்னும் சொல் அங்கே பிறந்தது பால் அளவு குறையாதிருத்தற்பொருட்டே எனின் மிகையாகாது.

வீடோ தோட்டத்தின் உடைமை. வேலை செய்பவருக்கே அது தரப்பட்டது. கணவன் பெயரில் உள்ள வீட்டை விட்டுப் பெண் வெளியேறினால் கூரையை இழப்பாள். தோட்டத்தை விட்டே வெளியேறினால் வேலையையும் இழப்பாள். பிள்ளைகளின் பள்ளியும் போகும். "ஏன் அவள் அவனை விட்டுப் போகவில்லை?" என்று இன்று எளிதாகக் கேட்போர், போவதற்கு அவளுக்கு இடம் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இவ்விடத்து வரலாற்றுச் செய்தி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களின் தலைமையில் எழுந்த அவ்வியக்கத்தின் கோரிக்கைகள் நம் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கவை. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். துரையையும் கிராணிகளையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளையரும் உயர் பணியாளரும் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும். இக்கோரிக்கைகளுக்கு அரசு அளித்த விடை கைதும் நாடு கடத்தலும் துப்பாக்கிச் சூடுமாக இருந்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அன்றைய தொழிலாளரின் வீரத்திற்குத் தலைவணங்குகிறோம். அதே வேளையில் அக்கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றையும் காண வேண்டியவர்களாய் இருக்கிறோம். பிறன் கை நம் பெண்கள்மீது படக்கூடாது என்று துணிந்து கேட்டோம். நம் கை நம் பெண்கள்மீது படலாமா என்னும் கேள்வி அன்று எழவில்லை. கள்ளுக்கடையை மூடச் சொன்ன கோரிக்கைக்குள் அக்கேள்வி ஒளிந்திருந்தது எனலாம். கூலி நாளன்று கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய கால்கள் எந்த வாசலில் போய் நின்றன என்பதைப் பெண்கள் நன்கு அறிவர். மானம் என்னும் சொல்லை வெளியாரை நோக்கியே பிடித்துப் பழகிய சமுதாயம், அதனை உள்நோக்கித் திருப்ப நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

சட்டம் வந்த வழி

மலேசியாவில் இவ்வினாவை வீட்டிலிருந்து வீதிக்குக் கொணர்ந்தவர் பெண்களே. 1982ஆம் ஆண்டில் மகளிர் உதவி அமைப்பு, அடிபட்ட பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்குவதற்கென ஒரு புகலிடத்தைத் திறந்தது. 1985ஆம் ஆண்டில் பெண்கள் இயக்கங்கள் பல ஒன்றிணைந்து கூட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்து, தனிச் சட்டம் வேண்டுமென்று பரப்புரை மேற்கொண்டன. ஒன்பது ஆண்டுக்கால உழைப்பின் பயனாக 1994ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அஃது அனைத்துச் சமயத்தார்க்கும் பொருந்துமா என்னும் விவாதத்தால் மேலும் தாமதம் நேர்ந்து, 1996 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முசுலிம்கள், முசுலிம் அல்லாதார் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் அது பொருந்தும்.

இச்சட்டத்தின் கூறுகள் சிலவற்றை நம் மாணவரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். முதலாவதாக, இது குற்றவியல் சட்டத்தொகுப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய சட்டம். அடித்தல் வீதியில் குற்றம் என்றால் வீட்டிலும் குற்றமே. வாழ்க்கைத் துணையைக் காயப்படுத்துவோர்க்கு உரிய சிறைக்காலத்தை இரு மடங்கு வரை உயர்த்தும் 326ஏ பிரிவு பின்னர் அத்தொகுப்பில் சேர்க்கப்பட்டது. உறவு குற்றத்தைக் குறைக்கும் என்று எண்ணியிருந்த நாட்டில், உறவு குற்றத்தைக் கூட்டும் என்று சட்டம் கூறத் தொடங்கியது. அறநோக்கில் இது பெரிய மாற்றம். நம்பி வந்தவளை நலிதல், அறியாத ஒருவரை நலிதலினும் கொடிது என்பதை எந்தத் தமிழன் மறுப்பான்?

இரண்டாவதாக, பதிவு செய்யப்படாத திருமணத்தையும் இச்சட்டம் விலக்கிவிடவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது முசுலிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவது கட்டாயமாயிற்று. ஆயினும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு நிறைவடைந்த குடும்பங்கள் பல இருந்தன. "பதிவுத் தாளே இல்லை, என் பேச்சை யார் கேட்பார்?" என்று அஞ்சும் பெண்ணுக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. சமய, வழக்காற்று முறைப்படி மணச்சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிடினும் அவள் இச்சட்டத்தின் நோக்கில் மனைவியே.

மூன்றாவதாக, காவலரின் கடமை யாது என்பதைச் சட்டம் வாய்மொழியாக விட்டுவிடவில்லை. புகார் செய்ய அவளுக்குத் துணை புரிதல், மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்திற்கோ செல்ல வாகன ஏற்பாடு செய்தல், அவளுக்குள்ள உரிமைகளை விளக்குதல், உடைமைகளை எடுக்க அவள் வீடு திரும்பும்போது உடன் செல்லுதல் ஆகியன சட்டத்திலேயே கூறப்பட்ட பணிகள். புலன் விசாரணை நடைபெறும் காலத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மனத்தை நோகடிக்கும் கொடுமையையும் வன்முறையென ஏற்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, சமூக நல அதிகாரியே ஏழு நாள்களுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கும் வழி பிறந்தது. 2018 முதல் நடப்பில் உள்ள இவ்வாணைக்குக் காவல் நிலையப் புகார் முன்னதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

நான்காவது கூறே நம் ஆய்வுக்கு உயிரானது. பாதுகாப்பு ஆணை வழங்கும் நீதிமன்றம், இருவரும் வாழும் வீட்டில் துன்புற்றவளே தனித்திருக்க உரிமை தந்து, துன்புறுத்தியவனை வெளியே நிறுத்தலாம். தலைமுறை தலைமுறையாக, அடிபட்டவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அடித்தவன் வீட்டில் இருந்தான். குற்றம் செய்தவன் இருக்க, குற்றமற்றவள் ஏன் போக வேண்டும் என்று சட்டம் கேட்டிருக்கிறது. வீடு யாருடையது என்னும் வினாவுக்கு, "அதற்குள் அச்சமின்றி வாழ வேண்டியவர்களுடையது" என்பதே அதன் விடை.

மறுப்புகளும் விடைகளும்

"இவ்வாறெல்லாம் சட்டம் நுழைந்தால் குடும்பம் என்னாவது?" என்பார் பலர். குடும்பத்தின்பால் அவர்களுக்குள்ள அக்கறையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் வரிசையை மாற்றிக் கூறுகின்றனர். குடும்பத்தைக் குலைத்தது முதல் அடி. காவலர் வருகை அன்று. தீப்பிடித்த வீட்டிற்கு வந்த தீயணைப்பு வண்டியைப் பார்த்து, "இதனால்தான் கூரை எரிந்தது" என்று சொல்வார் உளரா? சான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர், தனிமனிதன் வாழ்வில் அரசு தலையிடக் கூடாது என்று 1859இல் நூலெழுதி உலகப்புகழ் பெற்றவர். அவரே அந்நூலில், மனைவியர்மீது கணவர் செலுத்தும் கொடுங்கோன்மைக்கு இக்கொள்கை அரணாகாது என்று தெளிவுபடுத்தினார். உரிமை என்பது ஒருவன் தன்மீது கொள்ளும் ஆட்சி. இன்னோர் உயிர்மீது கொள்ளும் ஆட்சிக்கு அப்பெயர் பொருந்தாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் ஆழமானது. "ஏழையைச் சிறையிலடைத்தால் அடுப்பு எரியுமா? அவன் திரும்பி வந்து இன்னும் அடிக்கமாட்டானா?" என்பது அது. இதனை வெறும் வாதமாக ஒதுக்க இயலாது. அமெரிக்காவின் மினியாபொலிசு நகரில் 1981, 1982ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. இல்லச் சண்டைக்கு அழைக்கப்பட்ட காவலர், சிலரைக் கைது செய்தனர். சிலர்க்கு அறிவுரை கூறினர். சிலரைச் சில மணிநேரம் வீட்டை விட்டு அனுப்பினர். பின்வந்த ஆறு மாதங்களில், காவல் துறைக் குறிப்புகளின்படி, கைதானோரில் நூற்றுக்கு 10 பேரும், அறிவுரை பெற்றோரில் 19 பேரும், வெளியே அனுப்பப்பட்டோரில் 24 பேரும் மீண்டும் வன்முறையில் இறங்கினர். லாரன்சு செர்மன், ரிச்சர்டு பெர்க் ஆகியோர் 1984இல் வெளியிட்ட இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் பின்னர் மில்வாக்கி நகரில் அதே ஆய்வைச் செய்தபோது, வேலையுள்ளோரிடம் கைது அச்சத்தை விளைவித்தது. வேலையற்றோரிடமோ வெறியைக் கூட்டியது என்று தெரியவந்தது.

இதனின்று நாம் பெறும் பாடம் யாது? கைது ஒன்றே மருந்தன்று. எனினும், வெறும் அறிவுரை மருந்தாகிவிடாது. ஒப்பந்தக் கூலியில் நாளை வேலை உண்டா என்று அறியாத ஒருவனைக் கைது செய்துவிட்டு, இரண்டு நாளில் விடுவித்து, அவன் மனைவியை அதே வீட்டில் தனியே விட்டுவிட்டால், அரசு அவளுக்குத் தீங்கே செய்ததாகும். காவலரின் கை தட்டிய பின்பு, நலத்துறையின் கை தாங்க வேண்டும். மருத்துவரின் கை ஆற்ற வேண்டும். நீதிமன்றத்தின் கை காக்க வேண்டும். ஒரு கை மட்டும் வந்து போனால் அது காவலாகாது.

மூன்றாம் மறுப்பை நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நெஞ்சில் சுமக்கின்றனர். "புகார் கொடுத்தால் அவரை லாக்கப்பில் என்ன செய்வார்களோ?" என்பதே அது. இவ்வச்சம் காற்றில் பிறந்ததன்று. 1941இல் தோட்டத்து மக்கள்மீது பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளின் நினைவு அதிலுண்டு. 2009 சனவரியில் இதே சிலாங்கூர் மாநிலத்தில், சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில், ஆ. குகன் என்னும் இளைஞர் தடுப்புக் காவலில் இறந்ததன் நினைவும் அதிலுண்டு. அவ்வழக்கில் காவல் துறையினரும் அரசாங்கமும் பொறுப்பாளிகள் என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் உயிருக்கு அஞ்சும் பெண், தன்னை அடித்தவனின் உயிருக்கும் அஞ்சி வாய்மூடி இருக்கும் நிலை எத்துணைக் கொடிது! அவள் புகார் கொடுக்காதது அறியாமையால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அஃது அறியாமையன்று, இரக்கம்.

இம்மறுப்பு, காவலர் வரக்கூடாது என்பதற்குச் சான்றாகாது. காவல் நிலையத்துக்குள் ஆண் பாதுகாப்பாக இருந்தால்தான் வீட்டுக்குள் பெண் பாதுகாப்பாக இருக்க முடியும் என்பதற்கே சான்றாகும். சிறைக் காவலில் உள்ளவன் உடலைக் காக்கத் தெரியாத காவல், வீட்டில் உள்ளவள் உடலைக் காக்கும் என்று எவர் நம்புவர்? இவ்விரு நீதிகளையும் எதிரெதிராக நிறுத்துதல் தவறு. அவை ஒரு வண்டியின் இரு சக்கரங்கள்.

சமாதானமும் நீதியும்

காவல் நிலையத்தில் நடைபெறும் "சமாதானப் பேச்சு" பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்ணின் துயரைப் பெண் காவலர் கேட்பார் என்னும் நல்லெண்ணத்தில் எழுந்த திட்டம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் அவற்றின் படியேறியமையே அதன் தேவையைக் காட்டியது. ஆயினும் அந்நிலையங்களில் பல, வழக்குப் பதிவதைக் காட்டிலும் கணவன் மனைவியைச் சேர்த்து அனுப்புவதையே தம் வெற்றியாகக் கருதின என்னும் குறையும் எழுந்தது. பெண்ணை அமர்த்தியதால் மட்டும் பார்வை மாறிவிடுவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

சமாதானம் இனியது. ஆனால் அது நிகரானவர் இருவர் இடையே நிகழக் கூடியது. அஞ்சுபவளும் அச்சுறுத்துபவனும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து "இனி நடக்காது" என்று தாளில் கையொப்பமிடுவது சமாதானமன்று. அவளது மௌனத்தைப் பத்திரமாக்கும் செயல். முதலில் அச்சம் நீங்க வேண்டும். அச்சம் நீங்கிய பின்னர் அவள் அவனோடு வாழ விரும்பினால் அஃது அவள் முடிவு. விரும்பாவிடில் அதுவும் அவள் முடிவே. காவலரின் பணி அம்முடிவை எடுத்துத் தருவதன்று. அச்சமின்றி அவள் முடிவெடுக்கும் நிலையை உண்டாக்கித் தருவதே.

இனி, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வாழும் பெண்ணொருத்தியின் நிலையிலிருந்து எண்ணிப் பார்ப்போம். முதலில் அவள் காவல் நிலையம் செல்ல வேண்டும். காயத்தைக் காட்ட, ஆற்றைக் கடந்து தஞ்சோங் காராங்கில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சமூக நல அலுவலகத்திற்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்கும் கோலசிலாங்கூர் போக வேண்டும். கையில் குழந்தை, பையில் பேருந்துக்குப் பணம் இல்லை, மலாய் மொழியில் வாக்குமூலம் சொல்லத் தயக்கம், ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் ஒரு நாள் கூலி இல்லை. மனுநீதிச் சோழன் வாயிலில் கட்டிய மணியைக் கன்றை இழந்த பசுவும் அடிக்க முடிந்தது. கயிறு அதற்கு எட்டும் உயரத்தில் தொங்கியது என்பதே அதன் காரணம். நம் நாட்டில் மணி உண்டு. அது நல்ல மணியே. கயிறு எட்டுகிறதா என்பதே கேள்வி.

அதனால்தான், வாகன ஏற்பாடு செய்க என்று சட்டம் காவலர்க்குக் கூறும் சிறிய வரி, பெரிய அறமாகிறது. நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு அவளை வண்டியில் ஏற்றிச் செல்லும் காவலர், அவள் சொல்வதைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளும் அதிகாரி, மறுநாள் நலத்துறைக்குத் தாமே தொலைபேசியில் பேசும் கடமையாளர் ஆகியோர் செய்வது பேருதவி அன்று, முறையான வேலை. அவ்வேலை நடைபெறும் ஒவ்வொரு முறையும் கயிறு ஒரு முழம் தாழ்கிறது. அரசு மருத்துவமனைகளில் இத்தகையோர்க்கென ஒரே இடத்தில் மருத்துவமும் காவல் துறையும் நலத்துறையும் கூடும் பிரிவு உண்டு. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1994இல் தொடங்கிய அம்முறையின் உட்கருத்தும் இதுவே. அடிபட்டவள் நான்கு வாசல்களுக்கு அலைய வேண்டா. நான்கு வாசல்களும் அவளிடம் வரட்டும்.

நம் பங்கு

காவலரின் கடமையை இவ்வளவு பேசிவிட்டு நம் கடமையைப் பேசாதிருத்தல் முறையாகாது. பலகைச் சுவருக்கு அப்பால் கேட்டவர் நாமே. குடும்ப வன்முறை நடப்பதாக நம்புவதற்குக் காரணமுள்ள எவரும் காவலரிடமோ நல அதிகாரியிடமோ தெரிவிக்கலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்க இயலாது என்றும் சட்டம் கூறுகிறது. 15999 என்னும் தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தெனில் 999 உண்டு. "நமக்கேன் வம்பு" என்பதற்குச் சட்டம் இனிச் சாக்கு வைக்கவில்லை. மிஞ்சியிருப்பது மனச்சாட்சி மட்டுமே.

ஆசிரியர்க்கு இதில் தனியொரு பங்குண்டு. வீட்டில் நடந்ததைப் பிள்ளை வாயால் சொல்லாது. முதல் பாடவேளையிலேயே தூங்கி விழும். நேற்றுவரை ஒழுங்காக எழுதிய கையெழுத்துச் சிதறும். குரலை உயர்த்தினால் தலையைக் கையால் மறைத்துக்கொள்ளும். பள்ளி விட்டும் வீட்டிற்குப் போகாமல் நிற்கும். இவற்றைச் சோம்பல் என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது எளிது. அருகில் அழைத்து, "சாப்பிட்டாயா? அம்மா நலமா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடமே அவ்வீட்டின் கதவில் விழும் முதல் தட்டலாக அமையலாம். கேட்ட பின் தலைமையாசிரியருக்கும் நலத்துறைக்கும் தெரிவிப்பது நம் பொறுப்பு.

மாணவரும் ஒன்றை உணர்தல் வேண்டும். வளர்ந்து இல்லறம் ஏற்கப் போகிறவர்கள் அவர்களே. ஆண்மை என்பதைக் கை ஓங்குதலோடு இணைத்துப் பேசும் திரைப்படங்களையும் நகைச்சுவைகளையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஓங்கிய கையைத் தானே இறக்கிக்கொள்ளும் வலிமையே வலிமை என்பதை வகுப்பறையில் யாரேனும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாவா? பழமொழி விளக்கம் எழுதப் பழக்கும் நாம், ஒரு பழமொழி யாருக்கு நன்மை செய்கிறது, யாரை வாயடைக்கிறது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோமாக.

இல்லறம் அறங்களுள் சிறந்தது என்று நம் முன்னோர் போற்றினர். அறம் எங்குண்டோ அங்கே காவல் நுழைய அஞ்ச வேண்டியதில்லை. நுழைந்தாலும் காண்பதற்கு இழுக்கு எதுவும் இராது. காவல் நுழையக் கூடாது என்று ஒரு வீடு கதவை இறுக்கிப் பிடிக்குமாயின், அங்கே காக்கப்படுவது இல்லறமா, வேறொன்றா என்று கேட்கும் உரிமை அண்டை வீட்டார்க்கும் உண்டு, அரசுக்கும் உண்டு, உள்ளே இருப்பவளுக்கோ எல்லாரினும் மிகுதியாக உண்டு.